பிளாக் கேன்யனில் ஒருநாள் கேனோ பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஹூவர் அணையின் அடிவாரத்தில் தொடங்கி வில்லோ பீச் வரை, பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே கொலராடோ ஆற்றில் ஏறத்தாழ 12 மைல், துடுப்பு போட்டுச் செலுத்தும் கேனோ என்னும் குறுகிய படகில். ஆறு தெற்கே இறங்குகிறது; வலக்கரை நெவாடா, இடக்கரை அரிசோனா. நுரை கக்கும் பெரிய பாய்ச்சல் எதுவும் வழியில் இல்லை, வழிகாட்டியும் கூடவே வருகிறார். அதனால் உல்லாசப் படகுச் சவாரி என்று நினைத்து வருபவர்களே அதிகம். ஓடுவது பாலைவனத்தில் என்றாலும் இந்த ஆற்றை நடத்துவது மழையல்ல, மேலே இருக்கும் அணை. இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

வெயிலைப் பார்த்துத் தண்ணீரை எடைபோடுவது

கோடையில் பள்ளத்தாக்குக்குள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீரோ, அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரியின் ஆழத்திலிருந்து அணை வழியாக வருவது. வெயில் எட்டாத ஆழம் என்பதால் ஜூலையிலும் 12, 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். திடீரென உள்ளே விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. வாய் தானாகவே திறந்து காற்றை இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்துபவரும் தப்புவது கடினம். பத்து நிமிடம் போனால் விரல்கள் மரத்து, வீசிய கயிற்றைக்கூடப் பிடிக்க வராது.

ஆகவே லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் போட்டு வைப்பதும், புழுங்குகிறது என்று ஜிப்பைத் திறந்துவிடுவதும் ஒன்றுதான். தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பட்டைகளை இன்னும் இறுக்க வேண்டும். விழுந்துவிட்டால் உடனே நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு சீரானதும் படகைப் பிடியுங்கள், அதுவும் நீர் வரும் பக்கத்திலிருந்து. மறுபக்கம் இருந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவே சிக்கிக்கொள்வீர்கள். குளிர்காலத்தில் பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

படகைக் கரையில் ‘சும்மா’ விடுவது

மின்தேவைக்கு ஏற்ப அணையிலிருந்து திறக்கும் நீரின் அளவு மாறுகிறது. ஒரே நாளில் நீர்மட்டம் சில அடி ஏறி இறங்கும். மணலில் பாதி இழுத்து வைத்த கேனோ, நீங்கள் வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தானாகப் புறப்பட்டுப் போயிருக்கும். கரைப் பாறையில் ஈரத்தால் கறுத்த பட்டை எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். படகை அதற்கும் மேலே முழுவதுமாகத் தூக்கி வைத்து, முன்பக்கக் கயிற்றைப் பாறையிலோ உறுதியான புதரிலோ கட்டுங்கள். இரண்டும் வேண்டும்.

படகுக்குள் செய்யும் பிழைகள்

கேனோ ஆடியதும் கை தானாக விளிம்பைப் பற்றும். கவிழ்வதற்கு முதல் காரணம் இதுதான். துடுப்பு நீரில் இருக்கும்வரை அது மூன்றாவது கால் மாதிரி; அதை எடுத்துவிட்டு விளிம்பைப் பிடித்தால் உடம்பின் எடை முழுக்க ஒரு பக்கமாகச் சாயும். ஆட்டம் தொடங்கினால் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலிட்டு, துடுப்பைத் தொடர்ந்து போடுங்கள். பாறைமேல் பக்கவாட்டில் மோதினால் பாறையை நோக்கியே சாயுங்கள். மனம் எதிர்ப்பக்கம் ஒதுங்கச் சொல்லும். அப்படி ஒதுங்கினால் நீர் விளிம்பேறிப் படகை நிரப்பிவிடும்.

திசை திருப்புவது பின்னால் இருப்பவரின் வேலை. முன்னால் இருப்பவர் சீரான வேகத்தைத் தந்தால் போதும். இருவருமே திருப்ப முயன்றால் படகு நெளிந்து நெளிந்து போகும். 12 மைல் 16 ஆகும். (கணவன் மனைவிக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.)

ஞாயிறு, திங்கள் இரு நாளும் இந்தப் பகுதிக்குள் மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லை. மற்ற நாட்களில் அவை கிளப்பும் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டாமல் படகின் முனையைத் திருப்புங்கள்.

காற்றையும் கடைசி மைல்களையும் கணக்கில் எடுக்காதது

காலையில் நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும். அதை நம்பி முதல் பாதியில் ஒவ்வொரு குகைக்கும் நின்று நேரத்தைக் கரைப்பார்கள். பிற்பகலில் தெற்கிலிருந்து காற்று எழுந்தால் நேராக முகத்தில் மோதும். போதாக்குறைக்கு வில்லோ பீச்சை நெருங்க நெருங்க ஓட்டம் மந்தமாகிறது. கீழே டேவிஸ் அணை தேக்கிய மொஹாவி ஏரியின் நீர் அதுவரை பின்னோக்கித் தேங்கி நிற்கிறது. கை ஓய்ந்திருக்கும்போதுதான் அதிகம் துடுப்பு போட வேண்டிவரும். எதிர்க்காற்றில் கனமான பைகளைச் சற்று முன்னே நகர்த்துங்கள், ஆற்றின் நடுவை விட்டுக் கரையோரமாகப் போங்கள்.

வெந்நீர் ஊற்றுகள்

இங்கே உறுதியான விதி ஒன்றுதான்: தலையை முக்காதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா வெந்நீரில் இருக்கலாம். மூக்கு வழியே மூளையை எட்டினால் உயிர் பிழைப்பது மிக அரிது. குடித்தால் இந்த நோய் வருவதில்லை, ஆனாலும் குடிக்க வேண்டாம். ஊற்றுகள் குறுகலான கிளைப் பள்ளத்தாக்குகளில் இருப்பதால், ஜூலை முதல் செப்டம்பர் வரை தொலைவில் இடி கேட்டாலே வெளியேறிவிடுங்கள். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை. மேட்டில் பெய்தாலே வெள்ளம் வந்துவிடும்.

புறப்படும் முன்பே நடப்பவை

நேரக் குழப்பம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் இரு மாநிலங்களுக்கும் ஒரே நேரம். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அரிசோனா ஒரு மணி நேரம் முன்னே போகும். எல்லையில் கைபேசியும் தன்னிச்சையாக நேரத்தை மாற்றும். சந்திக்கும் நேரம் எந்த மாநிலத்து நேரம் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அணையடி பாதுகாக்கப்பட்ட பகுதி. புகைப்பட அடையாள அட்டை, வெளிநாட்டவரானால் பாஸ்போர்ட், நீர் புகாத பையில் கையோடு இருக்கட்டும்.

குடிநீர் ஒருவருக்கு 4 லிட்டர், கூடவே உப்புள்ள தின்பண்டம். கண்ணாடி பாட்டில்களுக்கும் தெர்மோகோல் பெட்டிகளுக்கும் இங்கே தடை உண்டு. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் பூசுங்கள், வெயில் நீரில் பட்டுக் கீழிருந்தும் சுடும். ரப்பர் செருப்பு சேற்றோடு போய்விடும். குதிகால் பட்டையுள்ள செருப்பு வேண்டும்.

தோள்வலி, ஆஸ்துமா, நீச்சல் தெரியாமை எதையும் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். யாரை எந்தப் படகில், எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்று அவர் முடிவு செய்வது இதை வைத்துத்தான். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் கைபேசி சிக்னல் கிடையாது. நடந்து வெளியேறலாம் என்றால், ஊற்றுகளிலிருந்து மேலேறும் ஒற்றையடிப் பாதைகள் கோடை மாதங்களில் வெப்பம் காரணமாக மூடப்பட்டிருக்கும். வழிகாட்டியை முந்திக்கொண்டு வளைவைக் கடந்து போய்விட்டால், உதவி என்று கூப்பிட்டாலும் பாறைதான் கேட்கும்.