கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு அக்கா சொன்னார்: "கை பாட்டுக்குக் கொழுந்து எடுக்குது தம்பி. நான் மட்டும் தூரமா நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்." யாரோ அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடி அரை மணி நேரம் மூச்சைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தபோது, கையே தன்னுடையதாகத் தெரியவில்லையாம்.

உடம்பிலிருந்தோ சுற்றியிருப்பதிலிருந்தோ இப்படி அறுந்துபோன மாதிரி இருப்பதை டிசோசியேஷன் என்கிறார்கள். விலகல் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சிக்குப் பிறகு பலருக்கு வரும். மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிப்பது, இதற்கு உதவலாம். ஆனால் எல்லோருக்கும் சொல்வதையே இவர்களுக்கும் சொல்வதுதான் முதல் தவறு. கண்ணை மூடினால் வெளியுலகத்தைப் பிடித்திருந்த கயிறும் விட்டுப்போகிறது. ஆழமாக வேகமாக மூச்சிழுத்தால் தலை லேசாகி, எல்லாம் கனவு போலத் தெரிவது இன்னும் கூடும்.

"எண்ணங்களைத் தள்ளி நின்று பார்" என்பது இன்னொரு வம்பு. பதற்றக்காரருக்கு நல்ல யோசனைதான். ஏற்கெனவே தள்ளி நிற்பவரை இன்னும் எங்கே தள்ளுவது?

நேர அளவும் அப்படித்தான். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் செய்யச் சொல்வார்கள். அது முதலில் நாட்பட்ட வலிக்காரர்களுக்காக வந்தது. விலகல் உள்ளவர் ஒரு நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

அந்த அக்காவுக்குப் பிடித்த பயிற்சி பீலியில் கொட்டும் தண்ணிதான். கண்ணைத் திறந்தபடி மணிக்கட்டை நீட்டி, குளிர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். அப்புறம் மலையில் நிற்கும்போது இரண்டு இலையும் மொட்டும் விரலில் ஒடியும் இடம், காலுக்கடியில் ஈரமண். இதுவும் மைண்ட்ஃபுல்னஸ்தான், சம்மணம் போடாவிட்டாலும்.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறு, வெறித்த அமைதியை நிம்மதி என்று எடுத்துக்கொள்வது. பார்வை ஓரிடத்தில் குத்தி நின்று, கூப்பிட்டால் பதில் தாமதமாக வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். திடீரென்று தொட வேண்டாம். பழைய கதையைக் கிளறவும் வேண்டாம், அது பயிற்சி பெற்றவரின் வேலை.

கோயில் திருவிழாவில் சாமி வருவதை இதோடு குழப்பாதீர்கள். சமூகம் ஏற்ற வழிபாட்டின் பகுதியாக, வேதனை தராமல் வந்துபோவதை மருத்துவம் நோயாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் வேலைக்கு நடுவில் அடிக்கடி நினைவு தப்பினால் மந்திரிப்பதோடும் தியானத்தோடும் விட்டுவிடக் கூடாது. சில வகை வலிப்பும் இதே மாதிரி இருக்கும், டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு ஒரு கோல் எடுங்கள்.