ஆவியின் கனி: தினசரி வாழ்க்கையில் செய்ய வேண்டியவை

கலாத்தியர் 5:22-23-ல் பவுல் ஆவியின் கனி என்று சொல்லும் ஒன்பது குணங்களையும் தாளில் எழுதி, மாதத்துக்கு ஒன்று என்று பழகப் பார்ப்பவர்கள் உண்டு. ஜனவரியில் அன்பு, பிப்ரவரியில் சந்தோஷம். நீடிய பொறுமையின் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும்! யோவான் 15-ல் இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றும் சீஷர்களைக் கொடிகள் என்றும் சொல்கிறார். அங்கே கொடிக்குச் சொல்லப்பட்ட வேலை கனியை உண்டாக்குவது அல்ல, "என்னில் நிலைத்திருங்கள்" என்பதே. உழைப்பை அங்கே போடுங்கள்.

நிலைத்திருப்பது எப்படி என்று அதே அதிகாரம் சொல்கிறது. 7-ம் வசனத்தின்படி அவருடைய வார்த்தைகள் உங்களில் நிலைத்திருக்க வேண்டும்; 10-ம் வசனத்தின்படி அவருடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ள வேண்டும். ஆகவே காலையில் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பத்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள். பிறகு, இன்று கீழ்ப்படிய வேண்டிய ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். "அன்பாயிருக்க வேண்டும்" என்று எழுதினால் மாலைக்குள் மறந்துபோகும். யாரிடம், எதை, எப்போது என்பது அந்த வரியில் இருக்கட்டும். வரியை ஜெபமாக்கிவிட்டு எழுந்திருங்கள். ஊழியம் செய்கிறவர்கள் இங்கே ஏமாந்துபோவது அதிகம்: பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க வாசித்ததை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கனி எங்கே தெரியும்? அந்த ஒன்பதுக்குச் சற்று முன்பு பவுல் மாம்சத்தின் கிரியைகளை, அதாவது மனிதனின் பாவ சுபாவத்தின் செயல்களை, வரிசையாக எழுதுகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அவை 17. பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று ஏறக்குறைய பாதி, மனிதர்களுக்கு இடையில் நடப்பவை. கலாத்தியா சபையார் ஒருவரையொருவர் "கடித்துப் பட்சித்து"க் கொண்டிருந்த பின்னணியில்தான் ஆவியின் கனி பேசப்படுகிறது. எனவே தனியறையில் உணரும் அமைதியை வைத்து உங்களை அளக்காதீர்கள். உங்களுக்கு ஒத்துவராத ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

அவரிடமிருந்து குத்தலாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது என்று வையுங்கள். விரல் அதற்குள் பதிலைத் தட்டச்சு செய்துவிடும். அனுப்பாதீர்கள், அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் எழுதிய வரியைத் திரும்ப வாசித்து, "ஆண்டவரே, இது என்னால் ஆகாது" என்று உள்ளபடி சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். தவறு உங்களுடையது என்றால் மத்தேயு 5:23-24-ன்படி ஒப்புரவு முதலில், காணிக்கை பிறகு. "நான் செய்தது தப்பு, மன்னியுங்கள்" போதும். அதன்பின் "ஆனால்" என்று தொடங்கினால் மன்னிப்பு செத்துவிடும்.

இத்தனை செய்தும் வறட்சியாக இருந்தால் லூக்கா 8:14-ஐப் பாருங்கள். விதைக்கிறவன் உவமையில் பயிரை நெருக்கும் முள் மூன்று: கவலை, ஐசுவரியம், சிற்றின்பம். இந்த முள்ளுக்குள் இருப்பது செத்த பயிர் அல்ல, பலன் முதிராத பயிர். அதனால்தான் குறை வெளியே தெரிவதில்லை. ஜெபிக்கும்போது மனம் திரும்பத் திரும்ப எங்கே ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் எந்த முள் என்று தெரியும். எல்லா வறட்சியும் பாவத்தின் விளைவு என்றும் எண்ண வேண்டாம். கனி கொடுக்கிற கொடியைத்தான் பிதா இன்னும் நறுக்கிச் சுத்தம்பண்ணுகிறார் (யோவான் 15:2). பாவம் என்றால் பெரும்பாலும் பெயர் சொல்ல முடியும், அறிக்கையிட்டு விட்டுவிடலாம். அப்படி எதுவும் அகப்படவில்லை என்றால் காலை வேளையை மட்டும் விடாமல் காத்திருங்கள்.

ஆவியானவர் ஊழியத்துக்குத் தரும் வரங்களைக் கனி என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. பாஷைகள், தீர்க்கதரிசனம், அறிவு எல்லாம் இருந்தும் அன்பில்லாமல் இருக்க முடியும் என்று 1 கொரிந்தியர் 13 பச்சையாகவே சொல்கிறது. மேடையில் கிடைக்கும் பாராட்டு இதில் சாட்சியாகாது.

தினமும் சோதித்துப் பார்த்தால் சோர்வுதான் மிஞ்சும். லூக்கா 13-ல் தோட்டக்காரன் கனி கொடாத அத்திமரத்தைக் கொத்தி எருப்போட ஒரு வருஷம் கேட்டான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்: "போன தடவையைவிட என்னோடு இருப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறதா?" அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். பதிலைத் தேதியுடன் எழுதி வையுங்கள்.