வாரக் கடைசி ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? ஒரு இசட்4-ஐ வைத்துப் படிப்படியாக

போன டிசம்பரில் ஒரு காலை, காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன். உள்பக்கம் ஃபில்டர் காபி நுரை மாதிரி வெளிர் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்தால் வெண்ணெய் போல வந்தது. ஆயில் மாற்றி 900 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. அதுவும் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டப்பா.

கார் ஒரு 2010 பிஎம்டபிள்யூ இசட்4, எஸ்டிரைவ்35ஐ. மூன்று லிட்டர், இரண்டு டர்போ, என்54 என்று பெயர் வைத்த ஆறு சிலிண்டர் என்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோவையில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் தாண்டாது. உங்களிடம் இருப்பது வேறு காராக இருக்கலாம். பரவாயில்லை, எண்கள் மாறும், யோசிக்கும் வழி மாறாது.

அந்த நுரைக்குக் காரணம் ஆயில் இல்லை. நான்தான். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். காரைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமை வேறு.

படி 1: உங்கள் கார் எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

ஆயில் டப்பாவைப் பிறகு பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பள்ளிக்கூட வேதியியல் கணக்குதான். பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி பிரீதர் என்ற காற்றுப்போக்குக் குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறாத என்ஜினில் அது மூடியிலும் வால்வு கவரிலும் குளிர்ந்து, சொட்டி, ஆயிலோடு குழையும். குளிர்ந்த என்ஜினுக்கு கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றுகிறது. எரியாத மிச்சமும் அதே வழியில் இறங்கும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது ஆவியாக அதிகச் சூடு கேட்கும், ஈரத்தையும் இழுக்கும். குளிர்ந்த ஓட்டத்துக்கு இதுவும் உதவாது.

ஆக, நிற்கும் காரின் ஆயில் தேய்ந்து கெடுவதில்லை, ஊறிக் கெடுகிறது. தண்ணீர், பெட்ரோல், எரிந்த கழிவு எல்லாம் சேர்ந்து அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரச் சேர்மானம் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும், ஓடோமீட்டரைப் பார்த்துத் தீராது.

எனவே இதை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடுகிறதா? ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்றால் எந்த விலை ஆயிலும் காப்பாற்றாது. பேட்டரிக்காகத்தான் ஸ்டார்ட் செய்கிறீர்கள் என்றால், ஒரு பேட்டரி மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) வாங்கி மாட்டிவிட்டுக் காரைத் தொடாமல் விடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். அந்த நுரை மறுபடி வரவில்லை.

ஒரு எச்சரிக்கை: நுரையோடு கூலன்ட் மட்டமும் இறங்கிக்கொண்டே வந்தால் அது ஹெட் கேஸ்கட் கோளாறாக இருக்கலாம். அப்போது இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

படி 2: மேனுவலில் அப்ரூவல் எண்ணைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி ஆயில் நல்லது?" அதை விட்டுவிடுங்கள். கார் செய்தவர்கள் தங்கள் என்ஜினில் வைத்துச் சோதித்து, ஒரு எண் கொடுத்திருப்பார்கள். என் காருக்கு அது பிஎம்டபிள்யூ எல்எல்-01. போர்ஷே என்றால் பெரும்பாலும் ஏ40. மெர்சிடீஸ் பெட்ரோல் கார்களில் 229.5 என்று பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் கொஞ்சம் பழைய பெட்ரோல் டர்போக்களுக்கு 502 00.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த எண் இருக்கும். அங்கேதான் ஒரு நுணுக்கம். 'அப்ரூவல்' என்ற தலைப்பின் கீழ் எண் இருந்தால் கார் கம்பெனி கையெழுத்துப் போட்டது என்று பொருள். 'ரெகமண்டட் ஃபார்', 'சூட்டபிள் ஃபார்' என்று இருந்தால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. நல்ல ஆயிலாகவே இருக்கலாம், ஆனால் நான் முதல் வகையை மட்டும்தான் எடுப்பேன். ஒரே பெயரில் வரும் ஆயில் சில வருடம் கழித்து ஃபார்முலா மாறி, ஒரு அப்ரூவலை இழப்பதும் உண்டு. நண்பர் மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கினார் என்பது போதாது. கையில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் விடாதீர்கள். எல்எல்-01 எஃப்இ என்பது எரிபொருள் சிக்கனத்துக்காக மெலிதாகச் செய்த வேறு தரம். எல்எல்-04 டீசல் கார்களின் புகைக்கரி ஃபில்டரை மனதில் வைத்துச் செய்தது. ஃபோக்ஸ்வாகனில் 508 00 என்று ஒன்று வரும், அடையாளம் தெரிய அதற்குப் பச்சைச் சாயம் போட்டிருப்பார்கள். புதிய என்ஜின்களுக்கான மெல்லிய ஆயில் அது. பழைய டர்போவில் ஊற்றிவிடாதீர்கள்.

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) குறியும் இருக்கும். 2020-ல் வந்த எஸ்பி தரம், சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் கலவை முன்கூட்டியே வெடிக்கும் கோளாறைக் கருத்தில் கொண்டது. உங்கள் கார் அந்த வகை என்றால் அதையும் பாருங்கள்.

படி 3: டப்பாவில் 5டபிள்யூ-40 என்பது போல இருக்கும் அந்த இரண்டு எண்கள்

எங்கள் ஏரியாவில் ஒரு மெக்கானிக் அண்ணன், கை சுத்தம். என் காரைப் பார்த்ததும் சொன்னார்: "நம்மூரு வெயிலுக்குக் கட்டி ஆயில்தானுங்க சார் நிக்கும். இந்த 0, 5 எல்லாம் பனி பெய்யற ஊருக்கு."

ஊரில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். முதல் வருடம் நானும் நம்பினேன். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேரலில் இருந்து பிடித்து ஊற்றிய 20டபிள்யூ-50 போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வாரம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தால், மூன்று நான்கு விநாடிக்கு என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் அடங்கிவிடும்.

சரி, எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-40-ல் பின்னால் இருக்கும் 40, ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 40 என்றால் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). 30 என்றால் 9.3-லிருந்து 12.5 வரை. 50 என்றால் 16.3-லிருந்து 21.9 வரை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் கடுங்குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்கள்.

கோவையில் மைனஸ் ஏது? அண்ணன் சொன்னது அந்த அளவுக்குச் சரி. அவர் கணக்கில் விட்டது ஒன்று இருக்கிறது. ஆயிலுக்கு 25 டிகிரியும் குளிர்தான். சூடான என்ஜினில் 14 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் 5டபிள்யூ-40, 40 டிகிரியிலேயே 80, 90 என்று நிற்கும். 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் 150 தொடும். நம் ஊர்க் காலையில் இரண்டுமே அதைவிடக் கெட்டி. இரண்டு வாரம் நின்ற காரில் ஆயில் மொத்தமும் கீழே சம்ப் என்ற ஆயில் தொட்டியில் வடிந்து கிடக்கும். அதை பம்ப் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை தள்ள வேண்டும். என்54-ல் வால்வு நேரத்தை மாற்றும் வானோஸ் பொறியும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. தினம் ஓடும் காருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, உள்ளே ஆயில் படலம் ஒட்டியிருக்கும். நின்று நின்று எழும் காருக்குத்தான் முதல் எண் சின்னதாக இருப்பது பலன் தரும்.

பின் எண்ணுக்கு அண்ணன் கவலை நியாயமானது. மலை ஏறும்போது என்54-ல் ஆயில் 110, 120 டிகிரி வரை போகும். அங்கே படலம் கிழியாமல் நிற்க வேண்டும். அதை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது: 150 டிகிரியில், வேகமாக அரைபடும் நிலையில் எவ்வளவு கெட்டி என்று. எல்எல்-01 அப்ரூவல் பெற அந்த அளவு 3.5 மில்லிபாஸ்கல் விநாடிக்குக் (இது வேறு அலகு) குறையக் கூடாது. அந்த அப்ரூவல் டப்பாவில் இருந்தால் வெயில் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நான் 5டபிள்யூ-40 எடுத்தேன். 0டபிள்யூ-40 கிடைத்தாலும் எடுப்பேன், இரண்டுக்கும் நடுவே எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

அம்பாசடர், ஃபியட் 1100 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த என்ஜின்கள் வேறு வம்சம். தட்டையான டாப்பெட், தாராளமான இடைவெளிகள், துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயிலைக் கேட்பவை. அவற்றுக்கு 20டபிள்யூ-50 சரிதான். மெக்கானிக் அண்ணனின் சூத்திரம் அந்தக் காலத்தில் பிறந்தது.

படி 4: வாங்குவது

என்54-க்கு ஃபில்டரோடு 6.5 லிட்டர் வேண்டும். 5 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் இரண்டு. மீதி அரை லிட்டரை மூடி இறுக்கி அலமாரியில் வையுங்கள், இடையில் மட்டம் குறைந்தால் அதே ஆயிலை ஊற்றலாம். கூடவே ஃபில்டர், அதோடு வரும் ரப்பர் ஓ-ரிங், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். வாஷரில் மிச்சம் பிடித்து ஷெட் தரையெல்லாம் ஆயில் சொட்டவிட்டவர்களில் நானும் ஒருவன்.

போலி ஆயில் நிஜமான தொல்லை. தெரிந்த டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காலி டப்பாவில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு நல்ல டப்பாதான் மூலதனம்.

ஆயிலோடு கலக்கும் பாட்டில் மருந்துகளைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். வேண்டாம்.

படி 5: மாற்றுவது

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, கொஞ்சம் ஆறியதும் தொடங்குங்கள். சூட்டில்தான் அழுக்கு ஆயிலோடு சேர்ந்து வடியும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். இந்த என்ஜினில் ஃபில்டர் மேலேயே, முன்பக்கம் இருக்கிறது. முதலில் அதன் மூடியைக் கழற்றினால் அதில் நிற்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். அப்புறம் கீழே ட்ரெயின் போல்ட். ஃபில்டர் மூடிக்கும் போல்ட்டுக்கும் 25 நியூட்டன் மீட்டர்தான், பலம் காட்ட வேண்டாம். புது ஓ-ரிங்கில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவிப் போடுங்கள்.

இசட்4-ல் டிப்ஸ்டிக் கிடையாது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. என்ஜின் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, காரின் திரையில்தான் மட்டம் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள காரென்றால் அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டவிடாதீர்கள், கூடுதல் ஆயிலும் கேடுதான். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப் பேரலில் சேர்த்துவிடுங்கள். காலி மனையும் சாக்கடையும் அதற்கான இடமில்லை.

படி 6: தேதி எழுதுங்கள்

காரின் கம்ப்யூட்டர் காட்டும் சர்வீஸ் கெடு, ஒழுங்காக ஓடும் காரை நினைத்துப் போட்ட கணக்கு. நான் அதைப் பார்ப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் மாற்றிவிடுகிறேன். ஒரு துண்டு வெள்ளை டேப்பில் தேதி, கிலோமீட்டர், ஆயில் எண் மூன்றையும் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

மற்றபடி ஞாயிறு காலை வேலை இதுதான். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், உடனே கிளம்பல். பொள்ளாச்சி ரோட்டில் முதல் கால் மணி நேரம் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போவதில்லை, பின்னால் பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. ஆழியாறு செக்போஸ்ட் வருவதற்குள் ஆயில் நன்றாகச் சூடேறி, போன வாரம் சேர்ந்த ஈரமெல்லாம் போயிருக்கும். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்.