பரணில் கிடைத்த நாகா மணிமாலை: மதிப்பிடுவது எப்படி?

வடகிழக்கில் வேலை பார்த்துவிட்டு சென்னைக்குத் திரும்பியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், பரணில் அங்குள்ள நாகா மலைவாழ் மக்களின் மணிமாலை ஒன்று கிடக்க வாய்ப்புண்டு. நீளமான சூதுபவளக் கற்கள் (கார்னீலியன் என்ற செந்நிறக் கல்), பொடிக் கண்ணாடிப் பாசிகள், சரங்களைப் பிரித்து நிறுத்தும் எலும்புப் பட்டைகள், பின்கழுத்தில் ஒரு சங்கு வில்லை என்று இருக்கும். கிடைத்ததும் கழுவாதீர்கள். நூல் இற்றிருக்கிறதே என்று புதிதாகக் கோர்க்கவும் கொடுக்காதீர்கள். மாலையின் வயதும் கதையும் அந்தக் கோர்ப்பில்தான் இருக்கின்றன, கலைத்துவிட்டால் திரும்ப வராது.

1. முதலில் பதிவு

வெள்ளைத் துணியில் பரப்பி, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து முன்னும் பின்னும் படம் எடுங்கள். முடிச்சைத் தனியாக எடுங்கள். எடை, நீளம், சரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊரில், எந்த வருஷம் வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பாட்டி அந்த மாலையோடு நிற்கும் பழைய போட்டோ இருந்தால் அது பெரிய சாட்சி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு பிளாஸ்டிக் கவர் ஆகாது, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

2. நூலும் துளையும்

நைலான் நூல் என்றால் சமீபத்தில் கோர்த்தது. ஆனால் மணிகளும் புதிது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், துளை வாயைப் பாருங்கள். பல காலம் கழுத்தில் கிடந்த மாலையில் மணிக்கு மணி உரசி விளிம்பு மழுங்கியிருக்கும். எலும்புப் பட்டையில் நூல் அறுத்து அறுத்து துளை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். நூல் அழுக்கேறிக் கிடக்க, துளை விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டீத்தண்ணீரில் நனைத்தே நூலைப் பழசாக்கிவிடலாம்.

3. மணி எதனால் ஆனது?

பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் போன் டார்ச்சும் போதும்.

கண்ணாடிப் பாசியில், குமிழிகளும் கோடுகளும் துளையோடு இணையாக ஓடினால் அது குழலாக இழுத்து நறுக்கியது. துளையைச் சுற்றி வளைந்து போனால் கம்பியில் சுற்றியது. நடுவே தையல் போல ஒரு கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது. குழலாக இழுக்கும் முறை புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் நடந்தது. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை தொடர்ந்தது. ஆகவே செய்முறையை மட்டும் பார்த்து “ஆயிரம் வருஷத்துப் பாசி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சூதுபவளம் பெரும்பாலும் குஜராத்தின் கம்பாத்திலிருந்து போனது. நீளமான பழைய கற்களை இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள். டார்ச் அடித்தால் இரு துளைகளும் நடுவில் லேசாக விலகிச் சந்திப்பது தெரியும். சூடேற்றிச் சிவப்பைக் கூட்டுவது அங்கே பழைய வழக்கம், அதைக் குறையாக எண்ண வேண்டாம். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கல் இல்லை, கண்ணாடி.

சங்கு வில்லையில் எனக்குத் தனிப் பிரியம். மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கிருந்து நாகா மலைகள் வரை ஏறியது. அசல் சங்கில் வளர்ச்சி வரிகளும் ஓட்டின் இயல்பான வளைவும் இருக்கும். ரெசினில் (செயற்கைப் பிசின்) செய்த போலி எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கையில் லேசாகவும் வெதுவெதுப்பாகவும் படும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தழும்பு நிரந்தரம்.

4. விலை

எதற்காக மதிப்பிடுகிறீர்கள்? இன்சூரன்ஸுக்கு ஒரு விலை, விற்பதற்கு வேறு விலை. இணையத்தில் கேட்கும் விலையை விடுங்கள், ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். அதே இனக்குழு, அதே வகை, அதே நிலை என்று ஒப்பிடுங்கள். அங்காமி, கொன்யாக் இரண்டும் வெவ்வேறு நாகா இனக்குழுக்கள்; அங்காமி மாலையின் விலையைக் கொன்யாக் மாலைக்குப் பொருத்தக் கூடாது. மூலக் கோர்ப்பும் வாங்கிய கதையும் விலையை ஏற்றும். இடையில் சேர்த்த பிளாஸ்டிக் மணியும் பாலிஷும் இறக்கும். தி.நகர் நகைக்கடையில் இதற்கு விலை கேட்டுப் பயனில்லை. ரத்தினப் பரிசோதனைக் கூடம் கல் எது என்று சொல்லும், மாலையின் வயதைச் சொல்லாது.

புலிப்பல், யானைத்தந்தம் கோர்த்திருந்தால் விற்கும் பேச்சே வேண்டாம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பவும் முடியாது.

கடைசியாக, விலையை ஒரே தொகையாக எழுதாமல் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று எழுதுங்கள். எந்த விற்பனைகளை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் தேதியையும் சேர்த்து, படங்களோடு அந்தத் தாளை மாலையுடனேயே வைத்துவிடுங்கள்.