முட்டி வீக்கத்துக்கு நொச்சித் தைலம்: முதல் தடவை காய்ச்சுறவங்களுக்கு ஒவ்வொரு படியா

எங்கம்மா மலேசியாவுல, பினாங்கு செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருசத்துக்கு மேல பால்மரம் (ரப்பர்) வெட்டினவங்க. விடியக்காலையில ஈரப் புல்லுல வாளியத் தூக்கிட்டு மேடும் பள்ளமுமா நடந்த முட்டி அது, இப்ப எழுபது வயசாச்சு, சாயங்காலம் ஆனா ரெண்டு முட்டியும் வீங்கி சூடா இருக்கும். அவங்களுக்காகத்தான் இந்தத் தைலம் காய்ச்சக் கத்துக்கிட்டேன். முதல் தடவை காய்ச்சினது மூனு வாரத்துல பூஞ்சை புடிச்சிருச்சு, ஏன்னு தெரிஞ்சப்புறம் ஒரு பாட்டில் கூட கெட்டுப் போகல, அந்த ஒரு காரணத்த நீங்க புரிஞ்சிக்கிட்டாப் போதும், மிச்சமெல்லாம் சுலபம்.

காய்ச்சுறதுக்கு முன்னாடி, இது என்ன செய்யும்னு கொஞ்சம் தெரிஞ்சிக்கோங்க. உடம்புல ஒரு எடத்துல அடிபட்டாலோ மூட்டு தேஞ்சாலோ அங்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் உண்டாகுது, அது ரத்தக் குழாய விரிக்குது, தண்ணி கசிஞ்சு வீங்குது, நரம்பு லேசாத் தொட்டாலே வலிக்கிற மாதிரி ஆயிடுது. ஆஸ்பிரின் வேலை செய்றது இந்தப் பொருள் உண்டாகுறதத் தடுத்துதான், அத 1971ல கண்டுபிடிச்சு சொன்ன ஜான் வேனுக்கு 1982ல நோபல் பரிசு குடுத்தாங்க. நொச்சி இலைச் சாறும் அதே எடத்துலதான் கை வைக்குதுன்னு 2003ல இலங்கை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க, எலியோட பாதத்த வீங்க வச்சு இலைச் சாறு குடுத்துப் பார்த்தப்ப வீக்கம் கொறஞ்சிருக்கு. ஆனா அது தண்ணியில எடுத்த சாறு, வாய் வழியா குடுத்தது, அதுவும் எலிக்கு. நாம செய்யப்போறது எண்ணெயில எடுத்து மேல பூசுறது. இலையில இருக்கிற காஸ்டிசின், வாசனை எண்ணெய் இதெல்லாம் எண்ணெயோட நல்லா சேரும், நெகுண்டோசைடு மாதிரி சிலது தண்ணியோடதான் சேரும், எண்ணெய்க்கு அவ்வளவா வராது. தேய்க்கிற தேய்ப்பும் சூடும் கூட பாதி வேலை செய்யுதுன்னுதான் நான் நெனைக்கிறேன். தேஞ்ச எலும்ப இது திருப்பிக் கொண்டு வராது, ராத்திரி தூங்க விடும், அம்மாவுக்கு அதுவே பெருசு.

படி 1: செடிய சரியாப் பாருங்க

நொச்சி இலை கை விரல் மாதிரி அஞ்சா பிரிஞ்சிருக்கும், நடு இலைதான் நீளம். மேல பச்சை, அடியில சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பு. கசக்கினா மூக்குல ஏறுற காட்டமான வாசனை. பூ இளம் ஊதா. கோட்டை மதிலக் காத்து நின்ன வீரங்க சூடின பூ இதுதான், அந்தத் திணைக்கே நொச்சித் திணைன்னுதான் பேரு. கடலோரத்துல மூனு இலையா இருக்கிற ஒரு செடிய மலாய்க்காரங்க லெமுனிங்னு சொல்லுவாங்க, அது இதோட சொந்தக்காரச் செடி, முதல் தடவைக்கு அஞ்சிலையே எடுங்க. கோயில் பக்கத்துலயும் பழைய தோட்டத்து வீட்டு வேலியிலயும் கேட்டுப் பாருங்க, ஒரு கொம்பு ஒடிச்சு நட்டா தொட்டியிலயே வரும். ரோட்டோரம் மருந்தடிச்ச எடத்துல பறிக்காதீங்க.

படி 2: அலசி, காய வச்சு, அரைங்க

இலை 200 கிராம், நல்லெண்ணெய் 400 மில்லி, இவ்ளோதான் சாமான். நல்லெண்ணெய் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுல எந்த சாமான் கடையிலயும் கெடைக்கும், ஒரு வாசனையும் சேர்க்காததா பாத்து வாங்குங்க. இலைய அலசி துணியில பரப்பி ஒரு ராத்திரி ஃபேன் காத்துல விடுங்க. நம்ம பினாங்கு காத்து எப்பவும் ஈரம், வெளிய போட்டா காயாது, புழுங்கிப் போகும். மறுநாள் ஒரு கிளாஸ் தண்ணி விட்டு மிக்சியில நைசா அரைச்சிக்கோங்க. காய வச்ச இலைக்கு ஏன் மறுபடி தண்ணின்னு கேப்பீங்க, அடுத்த படியில இருக்கு பதில்.

படி 3: காய்ச்சுறது, எல்லா சூட்சுமமும் இங்கதான்

அடி கனமான சட்டி எடுங்க, எண்ணெயும் விழுதும் ஊத்தினா பாதிக்கு மேல வரக்கூடாது, ஏன்னா நுரைச்சுப் பொங்கும். எண்ணெய் சூடாகுறதுக்கு முன்னாடியே விழுதக் கலந்துட்டு சின்ன தீயில வைங்க. மூடி போடாதீங்க, மூடியில கட்டுற தண்ணி திரும்ப உள்ளயே விழும்.

இப்ப சடசடன்னு சத்தம் கேக்கும். அது தண்ணி ஆவியாகுற சத்தம். சட்டியில தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு நூறு டிகிரியச் சுத்தியேதான் நிக்கும், அதனால இலை கருகாம மெதுவா சத்த விடும், அதுக்குத்தான் அரைக்கும்போது தண்ணி விட்டோம். தண்ணி தீந்த நிமிசம் சூடு கிடுகிடுன்னு ஏறும், அப்ப போன் பாத்துட்டு இருந்தீங்கன்னா எல்லாம் கருகி கசப்பு வாடை அடிக்கும். கடைசி கால் மணி நேரம் அடுப்ப விட்டு நகரவே கூடாது, அடி புடிக்காம மரக்கரண்டியால கிண்டிட்டே இருக்கணும். எனக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆகும், உங்க அடுப்புக்கு முன்ன பின்ன ஆகலாம், கடிகாரத்தப் பாக்காதீங்க, காத குடுங்க.

சத்தம் அடங்கினதும் அடியில இருக்கிற விழுத கொஞ்சம் எடுத்து ஆற வச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க. மெழுகு மாதிரி திரி திரியா உருண்டா மெழுகு பதம். இன்னும் கொஞ்சம் விட்டா மணல் மாதிரி நறநறன்னு உதிரும், அது மணல் பதம். வெளிய பூசுற தைலத்துக்கு நான் இந்த ரெண்டுக்கும் நடுவுல எறக்குவேன். சந்தேகம் இருந்தா அந்த உருண்டைய ஒரு திரியில வச்சு கொளுத்துங்க, படபடன்னு வெடிச்சா தண்ணி இன்னும் இருக்கு. என் முதல் பாட்டில்ல பூஞ்சை புடிச்சது இதனாலதான், சத்தம் கொறைஞ்சதுமே அவசரப்பட்டு எறக்கிட்டேன், மிச்சம் இருந்த அந்தத் துளி ஈரம் போதும்.

ஒருவேளை எண்ணெய் தீப்புடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, அடுப்ப அணைச்சு தட்டால மூடுங்க.

படி 4: வடிகட்டி எடுத்து வைங்க

வெதுவெதுப்பா ஆனதும் பழைய வேட்டித் துணியில வடிகட்டி, ஒரு ராத்திரி தெளிய விட்டு மேலாக ஊத்தி எடுங்க. பாட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லாம இருக்கணும், கறுத்த கண்ணாடியா இருந்தா நல்லது. தேதி எழுதி ஒட்டுங்க. நான் மூனு மாசத்துக்கு மேல வைக்கிறதில்ல, அதுக்கு முன்னாடியே காறல் வாடை வந்தா கொட்டிருங்க.

படி 5: பூசுறது

முதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு, ஒரு நாள் பாருங்க, அரிப்பு தடிப்பு வந்தா உங்களுக்கு ஒத்துக்கல. ஒத்துக்கிட்டா ராத்திரி வெதுவெதுப்பா பத்து நிமிசம் அமுக்காம தேய்ங்க, அப்புறம் வெந்நீர்ல நனைச்ச துணி. இனிப்பு நீர் இருந்து கால் மரத்துப் போயிருக்கிறவங்களுக்கு அந்த வெந்நீர்த் துணி வேணவே வேணாம், சுடுறது தெரியாமலே தோல் வெந்துரும். காயம், புண்ணு மேல பூசக்கூடாது, மாசமா இருக்கிறவங்க தவிர்த்துருங்க, யாரும் உள்ளுக்குக் குடிக்கவே கூடாது. கிளினிக்ல குடுத்த மாத்திரைய இத நம்பி நிறுத்தாதீங்க.

கடையில வாங்குறதா இருந்தா MAL-னு ஆரம்பிச்சு, நம்பருக்கு அப்புறம் T எழுத்து வர்ற பதிவு நம்பரப் பாருங்க. பாசார் மாலம்ல (ராத்திரிச் சந்தையில) பேர் தெரியாத மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டு ரெண்டு நாள்ல ஓடுறேன்னு யாராவது சொன்னா சந்தோசப்படாதீங்க, அந்த மாதிரி சரக்குல ஸ்டீராய்டு கலந்து புடிபட்டது நம்ம நாட்டுல பல தடவை நடந்திருக்கு, எலும்பக் கெடுத்துரும், இனிப்பு நீரையும் ஏத்திவிட்டுரும்.

முட்டி செவந்து கொதிச்சு கூடவே காய்ச்சலும் அடிச்சா, இல்ல ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, தைல பாட்டில்ல கை வைக்காதீங்க. கெண்டைக்கால்ல ரத்தம் கட்டியிருந்தா தேய்க்கிறப்ப அது நகந்து நெஞ்சுக்குப் போயிடலாம். நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, நடுராத்திரியா இருந்தாலும் சரி.