கடைச் சரக்கைக் கடை ஆளே எடுத்தால்: நான் போன வழி

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை எனக்கு. குடோனில் நின்ற பையனே ஷீட்டைத் தூக்கி வேறொரு கடையில் போட்டுக்கொண்டிருந்தான். அதைச் சட்டப்படி கொண்டுபோன வழி இது. அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) ஆனாலும் ஹார்டுவேர் கடை ஆனாலும் பெரும்பாலும் இதேதான்.

1. முதலில் கையை அடக்குங்கள்

அறையில் பூட்டிவைத்து மிரட்டி எழுதி வாங்கிய தாள் கோர்ட்டில் நிற்காது. அடைத்துவைத்த குற்றம் உங்கள் தலையில்தான் விழும்.

2. எவ்வளவு போனது?

நான் சறுக்கியது இங்கேதான். "சுமார் 300 கிலோ குறைகிறது" என்று எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஈர ஷீட்டு சார், காஞ்சா எடை குறையாதா?" என்றான். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

கொள்முதல் சீட்டில் எடையோடு ஷீட் எண்ணிக்கையும் எழுதுவது அப்பா காலத்துப் பழக்கம். அதுதான் காப்பாற்றியது. வாங்கியது, விற்றது, இருப்பு மூன்றையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண்ணிக்கையில் ஒப்பிட்டேன். எடை காயும், எண்ணிக்கை காயுமா? 340 ஷீட் இல்லை. 300 கிலோவில் மீதி நிஜமாகவே காய்ந்துதான் போயிருந்தது! கணினி பில்லிங் நல்லதுதான், ஆனாலும் கையெழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகத்தை நான் விடமாட்டேன்.

3. கேமரா பதிவு

கேமரா பதிவாகும் பெட்டியான டி.வி.ஆர். பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். என்னுடையதில் 15 நாள்தான் நிற்கும். சந்தேகம் வந்த அன்றே புது ஹார்டு டிஸ்கில் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்து அது வேறு ஃபைலாகிவிடும். கோர்ட்டுக்குப் போகும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பும் கேட்கும், அதாவது ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்.

4. புகார்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாதான். உங்கள் பொறுப்பில் இருந்த சரக்கை வேலையாள் எடுத்தால் பிரிவு 306. வசூல் பணம், வண்டி என அவன் கையில் ஒப்படைத்ததை அமுக்கினால் நம்பிக்கை மோசடி, 316(4). இரண்டுக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பிரிவு எண் நீங்கள் எழுத வேண்டாம். சாவி யாரிடம் இருந்தது என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியாகிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் நாகர்கோவில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். அன்றைக்கே கைது செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். 7 ஆண்டு வரையுள்ள குற்றத்துக்குப் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிடுவார்கள்.

5. வேலையை விட்டு நிறுத்துவது

ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த ஆள் என்றால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) பிரிவு 41 குறுக்கே நிற்கும், சும்மா போ என்று அனுப்ப முடியாது. விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தி, எழுதிவைத்துவிட்டு நீக்குங்கள்.

6. பணம், சரக்கு

நஷ்டத்துக்குத் தனியாக சிவில் வழக்குப் போடலாம், 3 வருடத்துக்குள். சமாதானம் பேசினாலும் இந்த இரண்டு பிரிவிலும் கோர்ட் அனுமதி வேண்டும். மீட்ட ஷீட் கோர்ட் பொறுப்பில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு உடனே மனுப் போட வக்கீலிடம் சொல்லுங்கள். நான் தாமதித்தேன், பாதி ஷீட்டை ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) விலைக்குத்தான் தள்ள முடிந்தது.

பின்சேர்க்கை: வேலையை விட்டுப் போனவர் லேப்டாப்பைத் தரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பதிவு செய்த கம்பெனி என்றால் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 452 இருக்கிறது, அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை. என்னைப் போல தனி ஆள் கடைக்கு அது பொருந்தாது.