வாஷ் பேசின் வாங்கும்போதே கப்ளிங்கைப் பாருங்கள்

சேலத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் பேசினின் நிறத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது அடியில் போகும் குழாய்க்குக் கொடுக்கலாம். பேசினின் மேல்விளிம்புக்குக் கீழே ஓவர்ஃப்ளோ துளை (தண்ணீர் நிரம்பி வழியாமல் வெளியேற்றும் துளை) இருந்தால், கடையில் 'ஹாஃப் திரெட்' வேஸ்ட் கப்ளிங் (பேசினின் அடித்துளையில் பொருத்தி, கீழே குழாயை இணைக்கும் பாகம்) என்று கேட்டு வாங்குங்கள். அதன் கழுத்தில் பிளவுகள் இருக்கும். துளைவழி இறங்கும் தண்ணீர் பீங்கானுக்குள்ளேயே ஓடி, அந்தப் பிளவு வழியாகக் கப்ளிங்கில் சேர்ந்துவிடும். தனிக் குழாய் தேவையே இல்லை. துளை இல்லாத பேசினுக்கு 'ஃபுல் திரெட்' சரி. மாற்றிப் போட்டால் ஓவர்ஃப்ளோ தண்ணீருக்குப் போக வழியிருக்காது. பொருத்தும்போது பிளவுகளை ஒயிட் சிமெண்டோ சிலிகானோ அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு நடக்கிறது.

சமையலறை சிங்க்கில் ஓவர்ஃப்ளோ குழாய் தனியாக வரும். அதை டிராப்புக்கு (அடியில் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் பாகம்) முன்னால் இணைக்க வேண்டும். தாண்டி இணைத்தால் சாக்கடை நாற்றம் அந்தத் துளை வழியாக நேராக வீட்டுக்குள் வரும். இரட்டைத் தொட்டி சிங்க்குக்கும் ஒரே டிராப் போதும். ஏற்காட்டு வீடுகளில் காபித்தூள் சக்கை அடியில் தங்கும் என்பதால், கையால் கழற்றிக் கழுவக்கூடிய பாட்டில் டிராப் நல்லது.

வேலை முடிந்ததும் பேசினை நிரப்பி, ஓவர்ஃப்ளோ வழியாகச் சில நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த செய்தித்தாளால் துடைத்துப் பாருங்கள். துளிக் கசிவும் தாளில் தெரிந்துவிடும். பிளம்பர் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.